அக்காவுக்குத் திருத்தி வாசித்தது

பிறமொழி டிவி தொடர்களில் மழை ஜாஸ்தி என்பது என் நெடுநாளைய அபிப்பிராயம். காதலைச் சொல்ல வேண்டுமா, மழை. வேலை போய்விட்டதா, மழை. ஒருத்தரிடமாவது குடை இருக்காது. முதல் நான்கு பகுதிகளை ஜோராக எடுப்பார்கள், ஐந்திலிருந்து இழு இழு என்று இழுப்பார்கள், கடைசிப் பகுதியில் கிடைத்த எல்லாருக்கும் கல்யாணம் செய்துவைத்து முடிப்பார்கள். அதற்கு சினிமா தேவலை, இரண்டரை மணி நேரத்தில் நம்மை விட்டுவிடும். நீங்கள் கேட்டது இதை அல்ல என்று தெரியும். ஆனால் இங்கிருந்து தொடங்கினால்தான் மற்றது புரியும். டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

நான் அச்சகத்தில் முப்பது வருடம் புரூஃப் பார்த்தவள். வாக்கியம் எவ்வளவு மட்டமாக இருந்தாலும் எழுத்துப்பிழையை மட்டும்தான் தொடலாம். ஒருமுறை ஒரு நாவலில் கதாநாயகி அழுதுகொண்டே நான்கு பக்கம் பேசினாள். பொறுக்க முடியாமல் இரண்டு பக்கத்தை அடித்துவிட்டேன். முதலாளி கூப்பிட்டு, "உன்னை யாரும்மா கதை எழுதச் சொன்னது?" என்றார். அதன் பிறகு வாயை மூடிக்கொண்டு கமா போட்டேன்.

வீட்டிலும் அதே கதைதான். அக்கா பேசினால் மொத்தக் குடும்பமும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்கும். நான் வாயைத் திறந்தால் யாராவது டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள். அவள் மேல் எனக்குப் பொறாமை கிடையாது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அத்தான் காலமானதும் அக்கா என்னோடு வந்துவிட்டாள். தினம் மதியம் மூன்று மணிக்கு இருவரும் சோபாவில் உட்கார்ந்து பிறமொழித் தொடர் பார்ப்போம். அந்த மொழி எங்கள் இருவருக்குமே சுத்தமாகத் தெரியாது. கீழே ஓடும் சப்டைட்டிலை வைத்துத்தான் பிழைப்பு. போன வருடம் அவளுக்கு வலது கண் போயிற்று. சில மாதங்களில் இடது கண்ணும் மங்கி, வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது என்ற நிலைக்கு வந்தது. "போதும்டி, இனிமே எனக்கு எதுக்கு டிவி," என்றாள். "நான் வாசிக்கிறேன், நீ கேளு," என்றேன்.

மாமியாருக்கு ஒரு குரல், வில்லனுக்கு ஒரு குரல் என்று வாசித்தேன். இரண்டாவது வாரம் 'நீ இல்லாமல் என் உலகமே இருட்டு' என்று ஒரு வசனம் ஓடியது. கண் தெரியாதவளிடம் போய் அதையா வாசிப்பது? 'நீ போயிட்டா நான் யார்கூட சண்டை போடுவேன்?' என்று மாற்றிவிட்டேன். அக்கா கையைத் தட்டினாள். "எவன்டி எழுதினது? பிரமாதமா எழுதறான்," என்றாள். அறுபத்திரண்டு வயதில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. உள்ளே போய்க் கொஞ்சம் அழுதேன், சந்தோஷத்தில்.

அதற்குப் பிறகு கை நிற்கவில்லை. இழுவையை எல்லாம் வெட்டினேன். உம்மென்று நின்றுகொண்டிருந்த மருமகளுக்கு வாய் கொடுத்தேன். அந்தத் தொடரில் ஒரு டாக்டர் வருவார், பார்ப்பவருக்கெல்லாம் உபதேசம் செய்வார், முகத்தில் ஒரு உணர்ச்சியும் இருக்காது. அவர் மேல்படிப்புக்கு வெளிநாடு கிளம்பிய பகுதியில், போகிற வழியிலேயே கார் விபத்தில் போய்ச் சேர்ந்தார் என்று நானே வசனம் போட்டு முடித்துவிட்டேன். அக்கா இரண்டு நாள் துக்கமாக இருந்தாள். எனக்கோ நிம்மதி.

அந்தச் சமயத்தில்தான் கண் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. பரிசோதனை எல்லாம் எடுத்துவிட்டு, முடிவைக் கடிதத்தில் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். இடது கண்ணை ஆபரேஷன் செய்து காப்பாற்றலாம், எழுத்து வாசிக்கும் அளவுக்குப் பார்வை வரும், மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டும், தாமதித்தால் நரம்பு செத்துவிடும் என்று இருந்தது. அக்கா சோபாவின் நுனிக்கு நகர்ந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "சீக்கிரம் வாசிடி," என்றாள்.

'எழுத்து வாசிக்கும் அளவுக்கு' என்ற இடத்தில் நான் நின்றுவிட்டேன். பார்வை வந்தால் சப்டைட்டிலை அவளே வாசித்துக்கொள்வாள். மறுபடி நான் கமா போடப் போக வேண்டியதுதான். 'வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்' என்று தொடங்கி, இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று நான்கு வரியில் முடித்தேன். நிதானமாகத்தான் வாசித்தேன். அக்கா என் முழங்கையை விட்டாள். பிறகு, "சரி போ. அதான் நீ இருக்கியே," என்றாள். நல்ல வசனம். ஆனால் நான் எழுதியது அல்ல.

ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு முறை போன் வந்தது. "அக்காவுக்குப் பயம், வேண்டாங்கறா," என்றேன். அப்படியானால் அவரே கையெழுத்திட்ட மறுப்புப் படிவம் வேண்டும் என்று அனுப்பிவைத்தார்கள். கேபிள் இணைப்பைப் புதுப்பிக்க என்று சொல்லி, அவள் விரலைப் பிடித்து இடம் காட்டினேன். "இனிமே நிறைய சேனல் வருமா?" என்று கேட்டுக்கொண்டே போட்டாள். கண் தெரியாமலே கோடு பிசகாமல் போட்டிருந்தாள், பாவம்.

என்னை மாட்டிவிட்டது அந்த டாக்டர்தான். கடிதம் வந்த ஐந்தாவது மாதம் மனிதர் வெளிநாட்டிலிருந்து திரும்பிவந்து பேசத் தொடங்கிவிட்டார். முப்பது வருடம் தாளையே பார்த்தவளுக்குக் குரல் என்று ஒன்று இருப்பது தோன்றவே இல்லை. அக்கா தலையைத் திருப்பினாள்.

"இது அந்த டாக்டர் குரலாச்சே. அவர்தான் செத்துட்டாரே?"

"இது அவரோட தம்பி. ரெட்டைப் பிறவி," என்றேன்.

இரட்டைப் பிறவியைக் கொண்டுவருகிறவனுக்குக் கதை எழுதவே தெரியாது என்று அவளிடம் நூறு தடவை சொன்னவள் நான். கீழே ஓடுவதை நான் வாசிக்கவில்லை என்று அக்காவுக்கு அங்கேயே பிடிபட்டுவிட்டது. மறுநாள் அவள் மகள் வந்தபோது, "மேஜை டிராயர்ல இருக்கற லெட்டர் எல்லாத்தையும் எடு. ஒண்ணு விடாம எனக்கு வாசி," என்றாள். அச்சகப் பழக்கம், நான் எந்தத் தாளையும் கிழித்துப் போடுவதில்லை.

மகள் வாசித்தாள், பஸ் போர்டு படிப்பது மாதிரி, ஒரு ஏற்ற இறக்கம் இல்லாமல். கடிதத்தை வாசித்தாள், படிவத்தின் நகலையும் வாசித்தாள். அக்கா என்னிடம் ஒன்றுதான் கேட்டாள்: "எனக்கு எத்தனை நாள்டி இருந்துச்சு?" தொண்ணூறு என்றேன். அன்று சாயங்காலமே மகள் அவளை அழைத்துக்கொண்டு போய், உங்கள் ஸ்டேஷனில் புகாரும் கொடுத்துவிட்டாள். இனி ஆபரேஷன் செய்தும் பயன் இல்லையாம். இப்போது வெளிச்சமும் தெரிவதில்லையாம்.

ஆக, கடிதத்தை மாற்றி வாசித்தது நான். ஏமாற்றிக் கையெழுத்து வாங்கியதும் நான். யாரும் தூண்டவில்லை, தெரியாமலும் செய்யவில்லை. எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். ஆனால் அந்த மாதங்களில் அக்கா சிரித்ததைப்போல அதற்கு முன்னால் அவள் சிரித்ததே இல்லை. மகள் வீட்டில் அவளுக்கு யார் வாசிப்பார்கள் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

திங்கட்கிழமை அந்தத் தொடரின் இரண்டாம் பாகம் ஆரம்பிக்கிறது. நீங்கள் அக்காவைப் பார்த்தால், மதியம் ஒரு நடை வந்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். இந்தத் தடவை கீழே என்ன ஓடுகிறதோ அதை அப்படியே வாசித்துவிடுகிறேன். ரொம்ப மட்டமான இடங்களை மட்டும் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன்.