வாயில் குண்டூசி உள்ளவரை

அவையின் நடுநாயகமாய் அமர்ந்து, நான் வாய் திறப்பதற்கு முன்பே மேசை மணியின் மேல் கை வைத்துவிட்ட அவைத்தலைவர் ஐயா அவர்களே! என் அக்காவின் இரண்டு நூல்களையும் அச்சேற்றுவதற்குள் தலைமுடியில் பாதியை இழந்து, மீதியை அழகாக வாரி வந்திருக்கும் அன்புப் பதிப்பாளர் அவர்களே! முன்வரிசையில் முகம் மலர்ந்து அமர்ந்திருக்கும் முதியோர்களே! "இவனை எவன் மேடையேற்றினான்" என்று முணுமுணுக்கும் என் அன்னையே! அவரைப் போலவே பிள்ளையைப் பெற்றுப் பெரும்பாடு படும் மற்ற தாய்மார்களே! பின்வரிசையில் பிஸ்கட் வரும்வரை பிடிவாதமாய் அமர்ந்திருக்கும் பெருமக்களே! வீட்டில் வாலு என்றும், பள்ளியில் அதைவிட மோசமாகவும் அழைக்கப்படும் இந்தக் கடைக்குட்டியின் கனிவான வணக்கம்.

உட்காருங்கள், தைரியமாக உட்காருங்கள். யார் நாற்காலியிலும் நான் எதையும் வைக்கவில்லை. அதோ, ஓர் அண்ணன் எழுந்து தடவிப் பார்க்கிறார். அண்ணா, என் புகழ் உங்கள் தெருவரை வந்துவிட்டதா?

இந்த மேசையைப் பாருங்கள். இரண்டு நூல்கள். ஒன்று தடித்த நாவல், புத்தம் புதியது. மற்றொன்று மெலிந்த சிறுநூல், பல ஆண்டுகள் பாதியில் கிடந்தது. ஒரே ஆண்டில் புதியதை எழுதிப் பழையதையும் எப்படித் திருத்தி முடித்தாள் உன் அக்கா என்று தலைவர் என்னைக் கேட்டார். கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டார். சொல்கிறேன்.

என் அக்காவுக்கு ஒரு பழக்கம். புதுக் கதை ஒன்று மனத்துக்குள் வந்தால், கையிலிருப்பதை அப்படியே கைவிடுவாள். பழைய வெள்ளத்தைப் புதுவெள்ளம் அடித்துக்கொண்டு போகும் என்பார்களே, அதுதான். ஆனால் அவள் விடுகிற இடம் இருக்கிறதே! அத்தியாயம் முடிந்து விடுவாளா? வாக்கியம் முடிந்தாவது விடுவாளா? ஒரு தபால்காரர் ஒரு காலை மிதியில் வைத்து, கட்டை விரலைச் சைக்கிள் மணியில் வைத்து நிற்கிறார். மற்றொரு கால் தரையில். அங்கேயே விட்டாள்! ஒரு சமையல்காரர் உள்ளங்கையில் உப்போடு அடுப்பின் முன் நிற்கிறார். போடவும் இல்லை, கொட்டவும் இல்லை. அங்கேயே விட்டாள்! எல்லாரையும் மேசையின் கீழ் இழுப்பறைக்குள் அடுக்கிவிட்டு, அடுத்ததை ஆரம்பிப்பாள்.

அந்த இழுப்பறையில்தான் இருந்தாள் தையல்காரி.

நடுப்பகல். கடையில் அவள் ஒருத்தி. கண்ணாடி முன் நின்று ஒரு ரவிக்கையின் மடிப்பைச் சரிசெய்கிறாள். உதடுகளுக்கிடையே வரிசையாகக் குண்டூசிகள். அவளுக்குப் பின்னால் யாரோ வந்து நிற்கிறார்கள். கண்ணாடியில் அந்த முகத்தைப் பார்க்கிறாள். ஏதோ சொல்லத் துடிக்கிறாள். 'வாயில் குண்டூசியோடு அவள் திரும்பி' என்று எழுதியிருந்தது. அதோடு சரி. அதற்குப் பிறகு வெறும் வெள்ளைத் தாள். வந்தது யார்? அவள் சொல்ல வந்தது என்ன? ஊசியை எடுக்காமல் எப்படிப் பேசுவாள்? எழுதாமல் எப்படி எடுப்பாள்?

படித்துவிட்டு எனக்குத் தலை வெடித்தது. நேரே போய்க் கேட்டேன்.

"அக்கா, அவ என்னதான் சொல்ல வந்தா?"

"எவடா?"

"வாயில குண்டூசி வெச்சிருக்காளே, அவ."

"இழுப்பறையத் திறந்தியா? அடி வாங்குவ. அது அப்புறம்டா. இப்ப நாவல்ல தோணி ஓடிக்கிட்டிருக்கு, தோணிக்காரன் நடு ஆத்துல இருக்கான், போ."

அப்புறம், அப்புறம், அப்புறம்! அவையோரே, அந்த அப்புறத்துக்கு அப்புறம் என்ன செய்வான் ஒரு வாலு? எழுதுபொருள் கடைக்குப் போனேன். வெள்ளை மணி வைத்த குண்டூசி ஒரு டப்பா வாங்கினேன். அக்காவின் பேனா மூடியில் ஒன்று. கைப்பை வாரில் ஒன்று. வேலைக்குப் போடும் மேற்சட்டையின் காலரில் ஒன்று. தையல்காரி தேடி வருகிறாள் என்று பயந்து கதையை முடிப்பாள், எனக்கும் பதில் கிடைக்கும் என்பது என் கணக்கு.

பயந்தாளா? சிரித்தாள். "டேய் வாலு, தையல் ஊசிக்குக் காது உண்டு, தலை இல்ல. குண்டூசிக்குத் தலை உண்டு, காது இல்ல. உனக்கு ரெண்டும் இருந்தும் சொன்னாக் கேக்க மாட்டேங்குறியே!"

இன்னொரு நாள் மதியம் என்னைக் கூப்பிட்டாள். குரலில் சிரிப்பில்லை. உள்ளங்கையை நீட்டினாள். ஒரு குண்டூசி.

"இதுவும் நீதானா?"

பார்த்தேன். கறுப்பு மணி வைத்த ஊசி. நான் வாங்கியதெல்லாம் வெள்ளை. நியாயமாக நான் இல்லை என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்? ஆனால் ஊரில் நடக்கும் ஒரு நல்ல குறும்பை அடுத்தவன் கணக்கில் எழுத எந்தக் குறும்பனுக்கு மனம் வரும்? நெஞ்சை நிமிர்த்தி, "ஆமா, நான்தான்!" என்றேன்.

அக்கா என்னையே பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"இது என் நாக்குக்கு அடியிலருந்து வந்துதுடா."

அப்போதுதான் கவனித்தேன். அந்த ஊசி ஈரமாக இருந்தது.

என்ன ஐயா, மூன்றாம் வரிசையில்? 'கதை விடாதே' என்கிறீர்களா? எங்கள் வீட்டுச் சிக்கலே அதுதான் ஐயா! எல்லாக் கதையையும் பாதியில் விட்டதுதான்!

அன்றே நாவலை மூடினாள். தையல்காரியை வெளியே எடுத்தாள். அப்பாடா, பழையதைத் திருத்த உட்கார்ந்துவிட்டாள், பயம் தீர்ந்தது என்று நினைத்தேன். தீரவில்லை, திரண்டது! ஏனென்றால் அவள் திருத்தியதெல்லாம் முதல் பக்கம். ரவிக்கையைப் பச்சை என்று எழுதினாள். அடித்தாள். நீலம் என்றாள். அடித்தாள். மீண்டும் பச்சை என்றாள். கண்ணாடிச் சட்டத்தை மெருகேற்றினாள், கத்தரிக்கோலைக் கூராக்கினாள். கடைசி வரிப் பக்கம் மட்டும் போகவில்லை. போகப் பயம். தையல்காரி அங்கே வாயில் ஊசியோடு நிற்க, இவள் இங்கே வாசலையே கூட்டிக்கொண்டிருந்தாள்.

அதற்கிடையே அக்காவின் பேச்சு குறைந்தது. "சாப்பிடுறியா?" என்றால் "ம்." "பதிப்பாளர் போன் பண்ணார்" என்றால் "ம்." உதடுகள் இரண்டும் ஒட்டி, ஓரங்கள் உள்ளே மடங்கி இருந்தன. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துருமாடி?" என்றார். அம்மா, உதிரவிருந்தது முத்தா?

அக்காவின் வேலை தெரியுமா உங்களுக்கு? கண் மருத்துவமனையின் முன்மேசையில் நோயாளிகளைப் பெயர் சொல்லி அழைப்பது. கண்ணில் சொட்டு மருந்து விட்டு, இமை மூடி வரிசையாக உட்கார்ந்திருப்பார்களே, அவர்களுக்கு அக்காவின் குரல்தான் கண். அந்தக் குரல் போயிற்று. பெயரைத் தாளில் எழுதித் தூக்கிப் பிடித்தாளாம். மூடிய கண்களுக்கு முன்னால் தாள்! ஒரு தாத்தா காலையில் வந்தவர், கூப்பிடுவார்கள் என்று மாலைவரை அப்படியே உட்கார்ந்திருந்தாராம். மேலாளர் அப்பாவை அழைத்துச் சொல்லிவிட்டார். "நல்ல பொண்ணு சார். ஆனா அடுத்த வாரமும் பேசலைன்னா அந்த இடத்துக்கு வேற ஆள் போடறதைத் தவிர எனக்கு வழியில்ல." அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார்.

இது மட்டுமா? வீட்டு நடையில் தண்ணீர்! குழாயெல்லாம் மூடித்தான் இருந்தது. ஆனால் அக்காவின் அறை வாசலில் சொட்டுச் சொட்டாய் ஈரம், ஆற்றுச் சேற்று வாடை. அம்மா துடைப்பார், மறுபடி இருக்கும். துடுப்பை ஓங்கியபடி நடு ஆற்றில் ஒருவன் நிற்கிறான் அல்லவா? புதிய நாவலையும் அப்படித்தானே விட்டாள்? அந்தத் துடுப்பிலிருந்து சொட்டாதா?

பேய் என்றால் இரவில்தான் வரும் என்பவர்களே! இது நடந்தது பட்டப்பகல். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். தெருவில் ஒருவன் பழைய இரும்பு கேட்டுக் கத்திக்கொண்டு போனான். நான் அக்காவின் அறைக்குள் நுழைந்தேன். அவள் கண்ணாடி முன் உட்கார்ந்திருந்தாள். மடியில் தாள்கள்.

"அக்கா."

அவள் திரும்பவில்லை. கண்ணாடியில் பார்த்தாள். என்னை அல்ல, எனக்குப் பின்னால். அந்தக் கண்ணாடியில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்திருக்க வேண்டும். எண்ணிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

"அக்கா, வாயத் தொறக்கா."

தலையசைத்தாள். தாளின் ஓரத்தில் எழுதிக் காட்டினாள்: 'திறந்தால் விழுங்கிவிடுவேன்.'

உங்களை எல்லாம் ஏமாற்றிய வாய் இது, அவையோரே. ஆசிரியரை, அப்பாவை, தலைவரின் கார் ஓட்டுநரை. அன்று அதில் ஒரு பொய்கூட வரவில்லை. அழுகைதான் வந்தது.

"அக்கா, அந்தக் கறுப்பு ஊசி நான் வெக்கலக்கா. சத்தியமா வெக்கல. நீ ரவிக்கையையே தேச்சுக்கிட்டிருக்கியே, அவ வாயில இருக்கறத யாரு எடுப்பா? கடைசிப் பக்கத்துக்குப் போ. எடுத்து விடுக்கா!"

அவள் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். வேகமாக எழுதினாள்: 'அவள் எல்லா ஊசிகளையும்'. அவ்வளவுதான், அக்காவின் உதட்டோரத்தில் ஒரு ரத்தத் துளி!

"வேணாம்! அடி! அடிச்சிடு! ஒண்ணு, ஒரே ஒண்ணு!"

அடித்தாள். பெருமூச்சு விட்டாள். எழுதினாள்: 'முதல் குண்டூசியை மெல்ல எடுத்துப் பஞ்சுத் தலையணையில் குத்தினாள்.'

டிக்.

கண்ணாடி மேசை மேல் ஒரு குண்டூசி கிடந்தது. கறுப்பு மணி. ஈரம்.

அக்கா அடுத்ததற்குப் பேனாவை நீட்டினாள். நடையில் சொட்டும் ஓசை கேட்டது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. இவளை விடுவிக்கிறேன் என்று அவனை மறந்தால், நாளை நாம் நீந்த வேண்டியதுதான்!

"இன்னைக்கு இது போதும்கா. தோணிக்காரன் கை வலிக்க நிக்கிறான். நாலு துடுப்பு போட வெச்சிட்டு வா."

நாவலை எடுத்தாள். எழுதினாள். நடையில் ஈரம் காய்ந்தது.

அன்றிலிருந்து அதுதான் எங்கள் வீட்டுச் சட்டம். ஒரு நாளுக்கு ஓர் ஊசி. ஊசி எடுத்த பிறகே துடுப்பு. ஊசி எடுக்காத நாளில் துடுப்பு கிடையாது. துடுப்புப் போடாவிட்டால் மறுநாள் ஊசி வராது. இரண்டாம் ஊசியில் அக்கா "தண்ணி" என்றாள். அம்மா சமையலறையில் பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். அந்த வாரம் முடிவதற்குள் மருத்துவமனையில் ஒரு பெயரை அழைத்தாள். அதே தாத்தாவின் பெயர். அவர் கண்ணை மூடிக்கொண்டே, "அடேயப்பா, வந்துட்டியாம்மா" என்றாராம்.

கடைசி ஊசியின் நாள் வந்தது. நான் கதவோரம் நின்றேன். ஏன் உள்ளே போகவில்லை என்கிறீர்களா தாய்மார்களே? நீங்கள் போவீர்களா? அத்தனை ஆண்டுகள் வாயடைத்து நின்றவள் என்ன சொல்வாள்? சாபமா? சண்டையா? ஓலமா?

அக்கா எழுதினாள். டிக். தையல்காரி திரும்பினாள். கண்ணாடியில் அவள் பார்த்த முகம் யாருடையது தெரியுமா? என் அக்காவுடையது. தையல்காரி ஒரு குறையும் சொல்லவில்லை. எந்தத் தையல்கடையிலும் எவர் நுழைந்தாலும் கேட்பதைத்தான் கேட்டாள்.

"அளவு குடுக்க வந்தீங்களா, தெச்சத வாங்கிட்டுப் போக வந்தீங்களா?"

அக்கா வாய்விட்டுச் சொன்னாள், அறை முழுக்கக் கேட்கும்படி: "ரெண்டுக்கும்தான்."

எழுதும் பெருமக்களே! எழுத நினைக்கும் இளையோரே! அளவு கொடுப்பது ஆனந்தம். புதுத் துணியின் வாசம், புது மடிப்பின் மினுமினுப்பு! ஆனால் அளவு மட்டுமே கொடுத்துக்கொண்டு அலைகிறவன் கடைசியில் எதை உடுத்துவான்? தைத்ததையே பிரித்துப் பிரித்துத் தைக்கிறவனுக்குத்தான் துணி மிஞ்சுமா, நூல் மிஞ்சுமா? புதியது உங்களை இழுக்கட்டும், போங்கள்! போவதற்கு முன், பழையவளின் வாயிலிருந்து ஓர் ஊசி எடுத்துவிட்டுப் போங்கள்! உங்கள் இழுப்பறையில் யார் நிற்கிறார்? எந்தக் காலைத் தூக்கியபடி? எந்தச் சொல்லை விழுங்கியபடி? இன்றைக்கே போய்ப் பாருங்கள். நீங்கள் பாராவிட்டாலும் அவர்கள் வருவார்கள்.

தலைவர் ஐயா, இதோ முடிக்கிறேன், மணி அடிக்க வேண்டாம்.

என்ன? நீங்கள் அடிக்கவில்லையா?

உங்கள் கை மடியில் இருக்கிறதே ஐயா. அப்படியானால்...

மறுபடியும். கேட்டதா? இது மேசை மணி அல்ல. சைக்கிள் மணி போலக் கிண் கிண் என்கிறது. வாசல் பக்கம். பின்வரிசைப் பெருமக்களே, தயவுசெய்து யாரும் திரும்ப வேண்டாம். அக்கா, நீ என்னைப் பார். அவர் ஒற்றைக் காலில் நிற்கிறார், பாவம். இன்று மாலை ஒரு வரி எழுது. மற்றொரு காலையும் அவர் தூக்கி மிதியில் வைக்கட்டும்.

பேச்சைப் பாதியில் நிறுத்த இனி எனக்குத் துணிவில்லை. ஆகவே கடைசிச் சொல்வரை சொல்லிவிட்டே இறங்குகிறேன். பொறுத்துக் கேட்ட பெரியோர்க்கும், புன்னகைத்த தாய்மார்க்கும், மீண்டும் வாய் திறந்த என் அக்காவுக்கும் நன்றி. உள்ளே இருப்பவர்களுக்கும், வாசலில் காத்திருப்பவருக்கும், வணக்கம்.