பேருக்கு மசியாத கமாண்டு

அண்ணன்: ...கேக்குதா? வார்டுல எல்லாத் திரையும் இன்னும் இருட்டாதான் இருக்கு.

தங்கை: கேக்குது. போனை வெச்சிடாதண்ணா. நான் கீழ கம்ப்யூட்டர் ரூம்லதான் இருக்கேன். அப்பா எப்படி இருக்கார்?

அண்ணன்: தூங்குறார். நீ வேலையப் பாரு.

தங்கை: ஆக்சிஜன் அளவு...

அண்ணன்: திரையே இல்லாம அளவை எங்கேர்ந்து பாக்குறது? என்னதான் ஆச்சு அங்க?

தங்கை: வைரஸ் புகுந்த மெஷினைத் துண்டிக்கிறேன்னு எங்க மேனேஜர் பதட்டத்துல ஒவ்வொரு மெஷினோட நெட்வொர்க் நம்பரா அடிச்சுக் கழட்டித் தள்ளிட்டார். உங்க வார்டுத் திரைங்கள ஓட்டுற மெஷினும் மாட்டிக்கிச்சு.

அண்ணன்: திருப்பிச் சேத்துவிட வேண்டியதுதானே?

தங்கை: எந்த நம்பர்னு அவருக்கே தெரியல. போன வாரம்தான் நம்பரெல்லாம் மாத்தினாங்க. பேர் மட்டும் அதேதான்.

அண்ணன்: அப்ப பேரைச் சொல்லிச் சேத்துவிடு.

தங்கை: அங்கதான் வம்பே. மெஷின் இருக்கானு பாக்குற கமாண்டுக்குப் பேர் போதும். சேக்குற கமாண்டுக்கு நம்பர்தான் வேணும். பேரைப் போட்டா எரர்னு மூஞ்சில அடிக்குது.

அண்ணன்: ஒரே வீட்டுல பொறந்தும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகாது... நம்மள மாதிரி.

தங்கை: சிரிக்க வைக்காத. தப்பா அடிச்சுடுவேன்.

அண்ணன்: சரி... முதல் கமாண்டுகிட்டப் பேரைக் கொடுத்து நம்பரை வாங்கேன்.

தங்கை: வாங்கினேன். அந்தப் பேருக்கு நம்பர் ஒண்ணுக்கு மேல இருக்கு. இது ஒண்ணைத்தான் காட்டுது. அதைச் சேத்துட்டேன். ஏதாவது வந்துச்சா?

அண்ணன்: இல்ல.

தங்கை: பாத்தியா... அண்ணா, பின்னாடி யார் ஓடுறாங்க?

அண்ணன்: யாரோ ட்ராலி தள்ளிட்டுப் போறாங்க. வேற வழி இருக்கா, அதைச் சொல்லு.

தங்கை: ஒண்ணு இருக்கு. பேரைக் கொடுத்தா அதோட எல்லா நம்பரையும் தானா தேடிச் சேக்குற கமாண்டு.

அண்ணன்: அப்புறம் என்ன யோசனை?

தங்கை: தப்பா வைரஸ் மெஷினையும் சேத்துடுச்சுன்னா உங்க மாடி மொத்தமும் படுத்துடும். குழந்தைங்க வார்டும் அங்கதான்.

அண்ணன்: ஒரு நிமிஷம், டாக்டர் கூப்பிடுறார்.

தங்கை: எதுக்குக் கூப்பிடுறார்?

அண்ணன்: ஒண்ணுமில்ல. அடி.

தங்கை: அப்பா...

அண்ணன்: தூங்குறார்னு சொன்னேன்ல. அடி, குட்டி.

தங்கை: பேரை அடிச்சாச்சு. ஒவ்வொரு எழுத்தா பாத்தாச்சு... தட்டப் போறேன்.

அண்ணன்: ம்.

தங்கை: தட்டிட்டேன்... வந்துச்சா? அண்ணா, வாயைத் திற.

அண்ணன்: நர்ஸ் மேஜைல வெளிச்சம் வருது... கோடு ஓடுது. கட்டில் கட்டிலா வருது.

தங்கை: குழந்தைங்க வார்டு?

அண்ணன்: கண்ணாடிக் கதவு வழியாத் தெரியுது. அங்க ஒண்ணும் அணையல.

தங்கை: அப்பாடா... ஒண்ணு சொல்றேன், திட்டாத. அந்தக் கமாண்டு ஆஸ்பத்திரியோடது இல்ல. நானே எழுதினது. மேனேஜர் வேணாம்னு ஒதுக்கிட்டார். இதுக்கு முன்னாடி ஒரு தடவைகூட ஓட்டிப் பாத்ததில்ல.

அண்ணன்: திட்டல. நானும் ஒண்ணு சொல்லணும்... அப்பா தூங்கல. திரை போனதுலேர்ந்து மூச்சு வாங்கிட்டே கெடந்தார். மருந்து எவ்வளவு ஏத்துறதுனு புரியாம டாக்டர் ஊசியக் கையிலயே வெச்சுட்டு நின்னார். இப்பதான் போடுறார். மேல வா.