ராமுத்தாய்க்குக் கலந்த களாச்சாறு

அன்று எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். நான், உடையப்பன். என் தம்பி வேலுசாமி, அவன் மனைவி அய்யம்மாள், அவர்கள் மகள் ராமுத்தாய். திண்டுக்கல்லிலிருந்து வந்திருந்த கிறிஸ்துராஜ், அவனுடைய தாய் செபஸ்தியம்மாள். வேறு யாரும் இல்லை. ஆவணி வெயில் கடுமையாக இருந்ததால் எல்லோருக்கும் தாகம். குடிக்க நான்தான் கலந்து கொடுத்தேன்.

சித்தையன்கோட்டையில் எங்கள் தோட்டத்து வேலி முழுக்கக் களாச்செடி. களாச்சாறு காய்ச்சாத வீடு இல்லை என்றாலும் எங்கள் வீட்டில் அதற்கு ஒரு முறை உண்டு. சம்பந்தம் பேசி முடிந்ததும் வீட்டின் மூத்த ஆண் தன் கையால் சாறு கலந்து மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் சம்மதம். அதன் பிறகு பேச்சு மாறக் கூடாது.

அதனால் சாறு காய்ச்சுவதை நான் பெண்களிடம் விட்டதில்லை. பழத்தைக் கீறி விதை எடுத்து, பிசின் போக உப்பு நீரில் அலசி, மண்சட்டியில் வேகவைத்து, வேட்டித் துணியில் வடிகட்டி, சீனி சேர்த்துக் கம்பிப்பதம் வரக் காய்ச்ச வேண்டும். பீங்கான் ஜாடியில் வைத்தால் வருடம் தாங்கும். குடிக்கும்போது பானைத் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு, தட்டிய இஞ்சி. ஈயம் பூசாத செம்பில் மட்டும் அதை வைக்கக் கூடாது. புளிப்பு செம்பைத் தின்னும், பச்சைக் களிம்பு சாற்றில் இறங்கும். இது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

ராமுத்தாயைப் படிக்கவைத்தது நான். திண்டுக்கல்லில் டீச்சர் வேலை பார்த்தாள். கிறிஸ்துராஜும் அதே பள்ளியில் வாத்தியார். நல்ல பையன், அதை நான் மறுக்கவில்லை. வேறு சாதி, வேறு வேதம், அவ்வளவுதான். வைகாசியில் ஒரு நாள் அவள் என் முன்னால் வந்து நின்றாள்.

"பெரியப்பா, நீங்க சம்மதிச்சா இங்ஙன வச்சுக் கல்யாணம். இல்லேன்னா ரிஜிஸ்தர் ஆபீசு. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

"உங்கப்பன் என்ன சொல்றான்?"

"அப்பா நீங்க சொல்றதத்தான் சொல்வாரு. அதான் நேரா உங்ககிட்டயே வந்துட்டேன்."

குரல் நடுங்கவில்லை. அந்த நிமிர்வு அவளுக்கு என்னிடமிருந்து வந்தது. ரிஜிஸ்தர் ஆபீசில் முப்பது நாள் பெயரை ஒட்டி வைப்பார்கள். போகிறவன் வருகிறவனெல்லாம் எங்கள் வீட்டுப் பெண்ணின் பெயரைச் சுவரில் படிப்பான். ஆவணி பிறக்கட்டும், அவர்களை வரச் சொல் என்றேன். அவள் அழுதேவிட்டாள், சந்தோஷத்தில்.

ஆடியில் ஈயம் பூசும் பக்ருதீன் வந்தார். வீட்டுப் பாத்திரங்களை வெளியே எடுத்து வைத்தேன். ஒரு செம்புச் சட்டியை மட்டும் உள்ளே கொண்டுபோனேன்.

"ஏண்ணே, அதுலதான் ஈயமே இல்ல. அத விட்டுப்புட்டு நல்லா இருக்கதுக்கெல்லாம் பூசச் சொல்றீகளே?"

"அது கெடக்கட்டும் பாய். அதுல சமைக்கிறதில்ல."

நான் பொய் சொல்லவில்லை. அதில் சமைக்கவில்லை. காய்ச்சிய சாற்றில் கொஞ்சத்தை அதில் ஊற்றி, பதினெட்டு நாள் மூடி வைத்தேன்.

அன்று முதலில் கிறிஸ்துராஜுக்குக் கொடுத்தேன். ஜாடிச் சாறு. அவன் தாயும் ஒரு டம்ளர் குடித்துவிட்டுச் சிரித்தாள்.

"அண்ணே, எங்க பக்கம் கலரு குடிச்சா நாக்கு மட்டுந்தான் செவக்கும். இதுக்கு மீசையே செவந்துருச்சு பாருங்க எம்மகனுக்கு."

"மருமக வந்து தொடைச்சு விடட்டும்," என்றான் வேலுசாமி. பல நாளைக்குப் பிறகு அவன் அப்படிச் சிரித்தான்.

ராமுத்தாயின் டம்ளரைத் தனியாகக் கலந்தேன். இஞ்சியும் சீனியும் கூடுதலாகச் சேர்த்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பெரியப்பா, செத்த தொவர்க்குதே."

"களா அப்படித்தான் ஆத்தா. மிச்சம் வைக்கக் கூடாது."

அவள் மிச்சம் வைக்கவில்லை.

மூன்று நாள் கிடந்தாள். டாக்டர் வாந்திபேதி என்றார். கிறிஸ்துராஜ் அவள் தலைமாட்டை விட்டு எழவில்லை. அவனுக்கு வேளாவேளைக்குச் சோறு போடச் சொன்னேன். வந்தவனைப் பட்டினி போட்ட வீடு என்று எங்களை யாரும் சொல்லக் கூடாது.

அவனை ஏன் விட்டேன் என்று கேட்கிறீர்கள். அடுத்த வீட்டுப் பிள்ளைமேல் கைவைக்க எனக்கு உரிமை இல்லை. அவள் எங்கள் வீட்டுப் பெண். நான் வாக்கும் தவறவில்லை. ஆறு பேர் அறியச் சம்மதம் கொடுத்தேன், அதை இந்த நிமிஷம் வரை திரும்ப வாங்கவில்லை. வருத்தம் உண்டா என்று எழுதுவதற்கு உங்கள் காகிதத்தில் இடம் இருந்தால், இல்லை என்று எழுதுங்கள்.

எட்டு மாதம் நீங்கள் யாரும் என்னைத் தேடவில்லை. நானாக இந்த ஸ்டேஷன் படி ஏறியதற்குக் காரணம் ஒன்றுதான். கல்யாணத்தில் மனமில்லாமல் ராமுத்தாய் தானே விஷம் குடித்தாள் என்று சந்தையில் பேசிக்கொள்கிறார்கள். அப்படிச் சாகிறவர்கள் எங்கள் வீட்டில் கிடையாது. அந்தப் பேச்சு பொய். டம்ளரை வாங்குமுன் அவள் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அவள் வாழத்தான் ஆசைப்பட்டாள். கொன்றது நான்.