கதிர் திரும்பி வந்திருக்கக் கூடாது

இரண்டாம் பாகத்தை ஒரேயடியாகக் குறை சொல்ல மாட்டேன், சார். இசை நன்றாகவே இருந்தது. துப்பறியும் அதிகாரியாக வந்த நடிகை முதல் பாகத்தைவிட இதில் நிதானமாக நடித்திருந்தார். என் வருத்தமெல்லாம் கதை எழுதியவர்மேல்தான்.

நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். ‘கரையில் ஒரு சட்டை’ என்று ஒரு மர்மத் தொடர். முதல் பாகத்தில் கதிர் என்பவன் கடலில் காணாமல் போகிறான். சட்டை மட்டும் கரை ஒதுங்குகிறது. அவனுடைய நண்பனைச் சந்தேகப்படுகிறார்கள். கடைசியில், அலைதான் கொண்டுபோனது என்று வழக்கை மூடிவிடுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த முடிவு. பார்த்த அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

பாம்பூஃப்ளாட் படகு ஜெட்டிக்குப் பக்கத்தில் சி.டி. கடை வைத்திருக்கிறேன். மெயின்லேண்டில் தொடரைப் பதிவு செய்து சென்னையிலிருந்து அந்தமான் வரும் கப்பலில் எனக்கு அனுப்புவார்கள். கப்பல் தாமதமானால் எங்கள் தெருவில் கதையும் தாமதம். அடுத்து என்ன நடக்கும் என்பது முதலில் எனக்குத்தான் தெரியும். அதில் கொஞ்சம் பெருமை உண்டு.

இரண்டாம் பாகம் தொடங்கியதுமே கதிர் உயிரோடு திரும்பி வந்துவிட்டான், பழைய நினைவெல்லாம் தப்பிப்போய். கடையில் எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. செத்தவனைத் திருப்பிக் கொண்டுவருவது பார்ப்பவர்களை ஏமாற்றுகிற வேலை.

சொர்ணம்மா எங்கள் வீட்டில்தான் இருந்தார். அவர் மகன் விஜயனும் நானும் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் ஒன்றாக வேலை பார்த்தோம். சுனாமியில் அவன் போய்விட்டான், உடல் கிடைக்கவில்லை. பிறகு அவன் மனைவி திவ்யாவை நான் கட்டிக்கொண்டேன். சொர்ணம்மாவையும் கூடவே வைத்துக்கொண்டேன். தெருவில் என்னைத் தங்கமான மனுஷன் என்பார்கள். திவ்யாவை எனக்கு அதற்கு முன்பே பிடிக்கும், அவ்வளவுதான்.

தொடரில் கதிர் வந்ததும் சொர்ணம்மா ஜெட்டிக்குப் போக ஆரம்பித்தார். அக்கரை சாத்தமிலிருந்து எந்தப் படகு வந்தாலும் அங்கே நிற்பார். விஜயனுக்கும் ஒரு தட்டில் சோறு போட்டு மூடி வைப்பார்.

“கதிருக்கு மாதிரிதான் எம்புள்ளைக்கும் நெனப்பு தப்பியிருக்கும். பக்கா வருவான் பாரு” என்பார்.

திவ்யாவும் அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். பிறகு பாயை எடுத்துக்கொண்டு மாமியார் பக்கத்தில் போய்ப் படுத்தாள். எனக்குப் பயமாக இருந்தது, சார். ஒரு தொடரால் என் குடும்பம் கலைவதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது?

கடைசி சி.டி.க்களை ஒளித்து வைத்துவிட்டு, சொர்ணம்மாவிடம் முடிவை நானே சொன்னேன். வந்தவன் கதிரே இல்லை, அவனைப் போல இருக்கும் வேறு ஆள் என்றேன். அவர் நம்ப வேண்டுமே என்று விவரமாகவே சொன்னேன். உண்மையான கதிரும் நண்பனும் தண்ணீரில் ஒரு நீல டிரம்மைப் பிடித்திருந்தார்கள். டிரம் இரண்டு பேரைத் தாங்காது. நண்பன் கதிரின் கையை டிரம்மிலிருந்து எடுத்துவிட்டான். மணிக்கட்டில் கட்டியிருந்த பச்சைத் துணி அவிழ்ந்து நண்பன் கையோடு வந்துவிட்டது.

மீன் கழுவிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார்.

“கதிரு கையில துணியே கெடையாதே, சுரேந்திரா.”

கையிலிருந்த மீனைச் சட்டியில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஹாடோ தொறையில கச்சாலுக்குக் கப்பலேறயில எம்புள்ளைக்குத்தான் சீலக் கரையக் கிழிச்சுக் கட்டினேன். பச்ச. சுனாமி அன்னைக்கு அவனக் கண்ணாலயே பாக்கலன்னு சொன்னியே?”

“ஏதோ மாத்திச் சொல்லிட்டேம்மா.”

“திவ்யா வரட்டும். அவகிட்டயும் சொல்லு.”

திவ்யா அக்கரையில் லம்பா லைனில் தையல் கடைக்குப் போயிருந்தாள். வாங்கம்மா, ஜெட்டியிலேயே பார்த்துப் பேசிவிடலாம் என்று கூப்பிட்டேன். படகு வரும் நேரம் என்றதும் கிளம்பிவிட்டார். பூகம்பத்தில் தாழ்ந்துபோன பழைய படிகள் பக்கமாக அழைத்துப்போனேன். அங்கே யாரும் வருவதில்லை. கடல் ஏறி, பாதிப் படிகள் தண்ணீருக்குள் இருந்தன. அந்த நேரத்திலும் அவர் தூரத்துப் படகில் இருந்த முகங்களைத்தான் தேடிக்கொண்டிருந்தார். கையைப் பிடித்து இறக்கிவிட்டு, ஒரு தள்ளு தள்ளினேன். அவர் என் கையை மறுபடி பிடித்தார். அதையும் எடுத்துவிட்டேன்.

பாசி வழுக்கி விழுந்ததாக உங்கள் ஆட்கள் எழுதிக்கொண்டார்கள். பாசி இருந்தது உண்மைதான்.

விஜயன் விஷயமும் அப்படித்தான், சார். நான் சொன்ன முடிவில் அந்த நண்பன் நான்தான். டிரம் இரண்டு பேரைத் தாங்காது என்று தோன்றியது. வேறு வழியில்லை.

இப்போதெல்லாம் ஜெட்டியில் நான்தான் நிற்கிறேன். அவர் நின்ற இடம் வெறுமையாகக் கிடக்க வேண்டாமே என்றுதான். இன்று படகிலிருந்து ஒருவன் இறங்கினான். மணிக்கட்டில் பச்சைத் துணி. முகத்தைப் பார்த்துவிடலாம் என்று பின்னாலேயே வந்தேன். அவன் இந்த ஸ்டேஷனுக்குள்தான் நுழைந்தான். எந்த அறையில் உட்கார வைத்திருக்கிறீர்கள் என்று சொன்னால் நல்லது. அவன் எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் நான் சொல்லிவிடலாம் என்றுதான் வந்தேன்.

டிரம்மைப் பற்றிச் சொன்னதில் ஒன்றை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். அவனும் அதைத்தான் சொல்வான். விஜயன் போன பிறகு ஒரு நிக்கோபாரிப் பெண் குழந்தையோடு நீந்தி வந்து அதே டிரம்மைப் பிடித்தாள். எங்கள் மூன்று பேரையும் அது கரை சேர்த்தது.