ஒரு கேள்வியையும் விடாதவர்கள்

யாரையும் காக்க வைப்பது எனக்குப் பிடிக்காது. நேர்காணலுக்கு ஒருவர் பத்து மணிக்கு வருகிறார் என்றால், ஒன்பதே முக்காலுக்கே மின்விசிறியைப் போட்டு, தண்ணீர் வைத்து, கேள்வித்தாளை எடுத்து வைத்துவிடுவேன். விசாரணைக் குழுவினரான நீங்கள் என்னை ஐந்து நாள் வராந்தாவில் உட்கார வைத்தீர்கள். போகட்டும்.

நாற்பத்திரண்டு ஆய்வுக்கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். எல்லாமே தன்பாலீர்ப்பாளர்கள், திருநர்கள் இவர்களுடைய உடல்நலம், குடி, போதை பற்றியவை. நான் தொடங்கியபோது இவர்களைப் பற்றி எழுத நாதியில்லை. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்பது அந்தப் பெரிய ஆய்வைப் பற்றி. மறுவாழ்வு மையத்துக்குப் போகாமல், நண்பர்களின் துணையோடு மட்டும் குடியை விடப் பார்த்த நூறு பேர். இரண்டு ஆண்டுகளில் ஆளுக்கு எட்டு நேர்காணல். மையத்தில் சேர்ந்தால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். எண்பது பேராவது கடைசி வரை நிற்க வேண்டும். இல்லையென்றால் எந்த ஆய்விதழும் சீந்தாது.

அதில் ஒருவனை விசில் என்றுதான் கூப்பிடுவோம். படியேறும்போதே சீட்டியடித்துக்கொண்டு வருவான். வீட்டார் உங்களை ஏற்றுக்கொண்டார்களா என்பது பதினான்காம் கேள்வி. "அதை விடுங்கக்கா, தலைவலி" என்று தாண்டிவிடுவான். மற்றவர்களும் ஏதாவது ஒன்றைத் தாண்டுவார்கள். மனிதர்கள் அப்படித்தான்.

நான்காம் நேர்காணலுக்கு ஒன்பது நாள் முன்பு, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றான். 

"என்னால முடியலக்கா. மையத்துல நம்ம ஆளுங்களுக்குன்னு மூணு படுக்கை இருக்காமே. நீங்க ஒரு சீட்டு எழுதிக் குடுத்தா சேத்துப்பாங்களாம்."

அன்று பட்டியலில் சரியாக எண்பது பேர் இருந்தார்கள்.

"கொஞ்சம் பொறுடா. பத்தாம் தேதி வருவல்ல, அப்பப் பேசிக்கலாம்."

தலையாட்டிவிட்டு இறங்கிப் போனான். சீட்டிச் சத்தம் இல்லை.

பத்தாம் தேதி, அவனோடு வாழ்ந்த தையல்காரர் வந்தார். நேர்காணல் தேதிகள் எழுதிய அட்டையை மேசைமேல் வைத்தார்.

"அவன் போயி ஆறு நாளாச்சு மேடம். குளியலறையில கிடந்தான். பத்தாம் தேதி அக்காவைப் பாக்கணும், பத்தாம் தேதி அக்காவைப் பாக்கணும்னு அதையே சொல்லிட்டிருந்தான். அதான் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

 அழுதேன், அதில் பொய்யில்லை. அவர் போன பிறகும் கேள்வித்தாள் மேசைமேல் தயாராக இருந்தது. நானே எழுதினேன்.

கடந்த முப்பது நாளில் எத்தனை நாள் குடித்தீர்கள்? இரண்டு. அடுத்த நேர்காணலில் ஒன்று. அதற்கடுத்ததில் ஒன்றுமில்லை. பதினான்காம் கேள்விக்கும் எழுதினேன்: ஆம், ஏற்றுக்கொண்டார்கள். இருந்தவரை அவனுக்கு அது வாய்க்கவில்லை, நான் கொடுத்தேன். அவனுக்குப் பின் செத்துப்போன பத்துப் பேருக்கும் அப்படியே கொடுத்தேன். எழுதும்போது சில நாள் படியில் சீட்டி கேட்கும். எழுந்து பார்க்க மாட்டேன். பயம்தான்.

உங்கள் புள்ளியியல் பெண் கெட்டிக்காரி. "மேடம், இந்தப் பதினோரு பேர் மட்டும் ஒரு கேள்வியைக்கூட விடலையே, அது எப்படி?" என்று கேட்டவள் அவள்தான்.

மையத்துக்குப் போகாமலே குடியை விட முடியும் என்று என் கட்டுரை சொன்னது. அதைக் காட்டித்தான் மையம் அந்த மூன்று படுக்கைகளையும் எடுத்தது. நான் எடுக்கச் சொல்லவில்லை.

விசில் போன பிறகு தையல்காரரும் குடிக்கத் தொடங்கியிருந்தார். தனியாக விட மனமில்லாமல் அடுத்த ஆய்வில் சேர்த்துக்கொண்டேன். போன மாதம் அவரும் வந்து, எங்காவது ஒரு படுக்கை கிடைக்குமா என்று கேட்டார். பத்தாம் தேதி வாருங்கள், பேசிக்கொள்ளலாம் என்றேன். அவர் எட்டாம் தேதியே இறந்துவிட்டதாக நீங்கள் காட்டிய காகிதத்தில் இருக்கிறது.

இருக்கலாம். பத்தாம் தேதி, என் அறையை நீங்கள் பூட்டுவதற்கு முந்தின நாள், அவருடைய நேர்காணல். மின்விசிறியைப் போட்டு, தண்ணீர் வைத்து உட்கார்ந்தேன். எல்லாக் கேள்விக்கும் நிதானமாகப் பதில் சொன்னார். முப்பது நாளாக ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லையாம்.