மயில்கழுத்து நிறத் துப்பட்டா

எங்கள் கல்லூரியில் இறுதியாண்டு ப்ராஜெக்ட் என்றால் யாரும் தலைப்பைக் கேட்க மாட்டார்கள், மேடம். பைண்டிங் என்ன நிறம் என்றுதான் கேட்பார்கள். வணிகவியலுக்கு நீலம், வரலாற்றுக்குப் பச்சை, எங்கள் சமூகவியலுக்கு மெரூன். உள்ளே இருப்பது போன வருடத்து அக்கா எழுதியது. அவளுக்கு அதைக் கொடுத்தது அதற்கு முந்தைய வருடத்து அக்கா. நூறு பேரைச் சந்தித்து நிரப்பியதாகச் சொல்லும் வினாத்தாள்களை, ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி ராஜபாளையத்தில் இறங்குவதற்குள் நாலு பேர் நாலு பேனாவில் நிரப்பிவிடுவார்கள். சிவரஞ்சனியாகிய நான் அப்படிச் செய்யவில்லை என்பதை இந்த விசாரணைக் குழு முதலில் குறித்துக்கொள்ள வேண்டும்.

வதந்தி எப்படிப் பரவுகிறது என்பது என் தலைப்பு. "பழைய ப்ராஜெக்ட் ஒன்னப் பாத்து எழுதிரும்மா, எதுக்குக் கெடந்து அலையுத" என்றார் என் கைடு. நிஜமான வதந்தி ஒன்றைக் கிளப்பிப் பார்க்காமல் அதைப் பற்றி அறுபது பக்கம் எழுதுவது ஏமாற்று வேலை. எனக்கு ஏமாற்றப் பிடிக்காது.

முதலில் யாருக்கும் சேதமில்லாத ஒன்றைத்தான் விட்டேன். பஸ் ஸ்டாண்டை ஊருக்கு வெளியே மாற்றப் போகிறார்கள் என்று பக்கத்து சீட்டுப் பெண்களிடம் சொன்னேன். "மாத்தட்டும்" என்று ஒருத்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவ்வளவுதான். ஒரு வாரம் காத்திருந்தும் அது யார் வாயிலிருந்தும் திரும்பி வரவில்லை. மக்கள் எதைச் சுமக்க விரும்புகிறார்களோ அதைத்தான் கொடுக்க வேண்டும் என்று புரிந்தது. இந்த ஊர்களில் அது என்ன என்று உங்களுக்கே தெரியும், அனுசியா மேடம். நீங்களும் இங்கே பிறந்து வளர்ந்தவர்தானே.

அடுத்த சிக்கல், திரும்பி வருவது நான் விட்ட வதந்திதான் என்று எப்படி அடையாளம் காண்பது? அதை விலங்கியல் படிக்கும் கௌதம்ராஜ் தீர்த்துவைத்தான். அவன் கண்மாயில் நத்தைகளைப் பிடித்து, ஓட்டில் நெயில் பாலிஷ் பொட்டு வைத்துத் திரும்ப விடுகிறவன். "குறி போடாம விட்டா, எது நம்ம நத்தைன்னு எப்படிட்டி தெரியும்?" என்றான். சரியான யோசனை. வதந்திக்கும் ஒரு குறி வேண்டும். வேறு யாரும் தற்செயலாகச் சொல்லிவிட முடியாத ஒரு விவரம்.

வஞ்சுளவல்லியைத் தேர்ந்தெடுத்தது ஏன் என்று மறுபடி மறுபடி கேட்கிறீர்கள். அவள் மடவார் வளாகத்தில் என் பக்கத்துத் தெரு. கோயிலுக்கு மாலை கட்டிக் கொடுக்கும் குடும்பம். மூன்று வருடம் பஸ்ஸில் அவளுக்குச் சீட்டுப் போட்டு வைத்தவள் நான். அவள் வேதியியல் மாணவி. மகாராஜபுரத்துத் தோப்புக் கிணறுகளில் தானே போய்த் தண்ணீர் எடுத்து வந்து சோதித்தாள். கல்லூரியிலேயே ஏமாற்றாமல் ப்ராஜெக்ட் செய்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அதில் அவளுடையதைச் சென்னையில் நடக்கும் ப்ராஜெக்ட் போட்டிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு கல்லூரிக்கு ஒரு ப்ராஜெக்ட்தான் என்பது விதி. அதற்காக நான் வருத்தப்படவில்லை. அவளோடு கடைக்குப் போய், மேடையில் போட்டுக்கொள்ளத் துப்பட்டா எடுக்க உதவியதே நான்தான்.

மயில்கழுத்து நிறம், ஓரத்தில் வெள்ளிச் சரிகை. அவ்வளவு விலைக்கு எடுத்தது தெரிந்தால் வீட்டில் வைவார்கள். "சென்னைக்குப் போற அன்னிக்குப் போட்டுக்கிடுதேன். அதுவரைக்கும் உன்ட்டயே இருக்கட்டும்டி" என்று கவர் பிரிக்காமல் கொடுத்தாள். என் பீரோவில் வைத்தேன். அதை அவள் போட்டு யாரும் பார்த்ததில்லை. ஆக, ஒருவர் வாயில் மயில்கழுத்து வந்தால் அது என் வதந்தி. இதைவிடச் சுத்தமான குறி கிடைக்காது.

முதலாமாண்டு காளீஸ்வரி எங்கள் பஸ்ஸில்தான் வருவாள். அவளிடம் சொன்னேன்: "நம்ம வஞ்சுளவல்லிய ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுல ஒரு பையனோட பாத்தேன். மயில்கழுத்துக் கலர்ல துப்பட்டா போட்டிருந்தா. யாருட்டயும் சொல்லிராத." அந்தக் கடைசி வாக்கியம் இல்லாவிட்டால் வதந்தி நகராது. அதை என் மூன்றாம் அத்தியாயத்தில் விளக்கியிருக்கிறேன்.

நான் சொன்னது அவ்வளவுதான். பைக்கை நான் சேர்க்கவில்லை. லாட்ஜை நான் சேர்க்கவில்லை. அந்த வாரக் கடைசியில் என் அம்மாவே அடுப்படியில் நின்றுகொண்டு, "மாலக்காரர் மக கதையக் கேட்டியாட்டி? லாட்ஜு வரைக்கும் போயிருக்கா. மயில்கழுத்துக் கலர்ல துப்பட்டாவாம்" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பையனுக்கு ஒரு பெயர் முளைத்திருந்தது, இடம் மாறியிருந்தது, குறி மட்டும் அப்படியே இருந்தது.

வஞ்சுளவல்லியைக் கல்லூரிக்கு அனுப்புவதை நிறுத்தினார்கள். போனைப் பிடுங்கிவிட்டார்கள். சென்னைக்கு வேறு யாராவது போக வேண்டுமே என்று என்னைக் கேட்டபோது சரி என்றேன். காலியாக இருந்த இடம், மேடம். நான் யாரையும் தள்ளிவிடவில்லை.

பிறகு ஒரு சாயங்காலம் அவள் அப்பா கண்ணபிரான் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. விரல் நுனியெல்லாம் துளசிப் பச்சை. முகத்தில் ஒரு நம்பிக்கை இருந்ததை நான் கவனித்தேன்.

"எம்மக ஒரு துப்பட்டாவ உங்கிட்டதான் குடுத்து வச்சிருக்கேன்னு சொல்லுதா. கவரே பிரிக்கலயாம். அது மட்டும் இங்க இருந்தா ஊர்ல பேசுறது அம்புட்டும் பொய்யின்னு ஆயிரும். இருக்காம்மா?"

நான் நின்ற இடத்திலிருந்து பீரோ கைக்கெட்டும் தூரம்.

"இல்லையேப்பா. எங்கிட்ட அப்படி எதுவும் குடுக்கலியே" என்றேன்.

"சரிம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் அவளைக் குளத்திலிருந்து எடுத்தார்கள். என் முடிவுரையில் அது இல்லை என்று குறை சொல்கிறீர்கள். தகவல் சேகரிப்பு அதற்கு முந்தைய நாளே முடிந்துவிட்டது.

உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். ஆய்வு செய்கிறவர் நடுவில் குறுக்கிடக் கூடாது என்று இதே கட்டடத்தில்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். காளீஸ்வரி அழுதுகொண்டே வந்து என்னைக் காட்டிக் கொடுத்தாளாம். அன்று அவள் யாரிடமும் சொல்லாமல் இருந்திருந்தால் வதந்தி பஸ்ஸிலேயே செத்திருக்கும். கிளப்பியவள் ஒருத்தி. சுமந்தவர்கள் இரண்டு ஊர். அவர்களில் யாரையாவது இந்த நாற்காலியில் உட்கார வைத்தீர்களா? ஆசிரியர் அறையில் இதைப் பேசாத ஒருவர் இந்த மேஜையைச் சுற்றி இருந்தால் அவர் எனக்குத் தண்டனை எழுதட்டும். வாங்கிக்கொள்கிறேன்.

பொறாமை என்று மட்டும் எழுதாதீர்கள். அவள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை. சென்னையில் இரண்டாம் பரிசு வாங்கியபோது அவளைத்தான் நினைத்துக்கொண்டேன்.

பரிசு வாங்கும்போது எடுத்த அந்தப் போட்டோவைத்தானே கையில் வைத்துக்கொண்டு இவ்வளவு நேரம் கேட்கிறீர்கள்? ஆமாம், நான் போட்டிருப்பது அந்தத் துப்பட்டாதான். மேடைக்கு நல்லதாக ஒன்று வேண்டியிருந்தது, பீரோவில் சும்மா கிடந்தது. காசு கொடுத்தது அவள்தான். ஆனால் அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தது நான், மேடம். கடையிலேயே சொன்னேன், அது எனக்குத்தான் எடுப்பாக இருக்கும் என்று.