எழும்பூர் நடைக்கு ஆறு பேர்

— உக்காருங்க சார், ரயில்ல தாம்பரம் வரைக்கும் சீட் கிடைச்சாச்சு. இப்ப நேராவே கேக்கறேன். எழும்பூர் ஸ்டேஷனைச் சுத்திக் காட்டற நம்ம வாக்குக்கு இன்னைக்கும் ஆறு பேர் பேர் குடுத்திருக்காங்க. வந்தது நீங்க ஒருத்தர்தான். ஏழு ஞாயித்துக்கிழமையா இதே கதை.

— வெயில் பாருங்கோ, ஜஹீரா டீச்சர். மத்தவா பயந்திருப்பா.

— மழைக்கும் இதையேதான் சொன்னீங்க. ஒரே ஒரு ஆளுக்கு எழும்பூர் ஸ்டேஷனை வாசல்லேர்ந்து கடைசி பிளாட்பாரம் வரைக்கும் கத்திக் கத்திச் சுத்திக் காட்டறேன். போலீஸ்காரர் பாத்துச் சிரிக்கறார். தொண்டை கட்டிக்கிட்டா வீட்டுல சுக்குத் தண்ணி போட்டுக் குடுக்க ஆளா இருக்கு எனக்கு?

— நீங்க சொன்னாத்தானே நன்னா இருக்கு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டுல திறந்தது, பெங்களூர் சாமிநாத பிள்ளை காண்ட்ராக்ட் எடுத்துக் கட்டினது, அந்த டோம், சிவப்பும் வெள்ளையுமா அந்த வளைவு எல்லாம்... காரெல்லாம் பிளாட்பாரத்துக்குள்ளயே வந்து நிக்குமாமே, அதை இன்னொரு தரம் சொல்லுங்கோ.

— நிக்கும், ரயில் பெட்டிக்குப் பக்கத்துலயே. ஆனா பேச்சை மாத்தாதீங்க. உங்களுக்கு எல்லாமே மனப்பாடம். போன வாரம் நான் வருஷத்தை மறந்து நின்னப்ப நீங்கதான் எடுத்துக் குடுத்தீங்க. யார் சார் லிஸ்ட்டுல இருக்கற அந்தக் கனகவல்லி?

— யாரோ... பேர் குடுத்திருப்பா.

— ஆறு பேருக்கும் ஒரே போன் நம்பர்.

— கிண்டி வந்தாச்சு போலிருக்கே.

— ஸ்ரீநிவாசராகவன் சார்.

— என் ஆத்துக்காரி. போய் மூணு வருஷம் ஆச்சு. கல்யாணம் ஆகிக் கும்பகோணத்துலேர்ந்து வந்து எழும்பூர்லதான் இறங்கினோம். வெளில வந்து அண்ணாந்து பாத்துட்டு, "ஏன்னா, இது யாரோட அரண்மனை"ன்னு கேட்டா. யார் கட்டினதுன்னு எனக்கும் தெரியலை. ஏதோ ரயில்வே ஆபீஸ்னு சொல்லிச் சமாளிச்சுட்டேன்.

— மத்தவங்க?

— பொண்ணும் மாப்பிள்ளையும் டொராண்டோல. லாசரஸும் எப்சியும் எதிர் பிளாட்டுல இருந்தவா, மேடவாக்கம் பக்கம் குடி போயிட்டா. ஆறாவது நான்.

— இங்க இல்லாதவங்க பேரையெல்லாம் எதுக்கு சார் எழுதினீங்க?

— ஆறு பேர் சேரலைன்னா வாக் கிடையாதுன்னு ஃபார்ம்லயே போட்டிருந்ததே. பாருங்கோ, வாரம் பூரா என்னண்ட யாரும் பேசறதில்லை. டிவிதான் பேசறது. மனுஷான்னு ஒருத்தர் என் முகத்தைப் பாத்து ரெண்டு மணி நேரம் பேசறது ஞாயித்துக்கிழமை ஒருநாள்தான். தப்புதான் டீச்சர். உங்களை வீணா அலைய விட்டுட்டேன். இந்த வாக் நடத்தறவாகிட்ட சொல்லிடுங்கோ, நானே வந்து மன்னிப்பு கேட்டுக்கறேன்.

— யார்கிட்ட சொல்றது சார்? நீங்க முதல் தடவை வந்தீங்களே, அதுக்கு அடுத்த வாரமே ஆள் வரலைன்னு வாக்கை நிறுத்திட்டாங்க. பேர் குடுக்கற ஃபார்மையும் மூடச் சொன்னாங்க. நான்தான் மூடலை.